மாரிக்காலமும் அறிக்கையில் தெரியாத வலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் மாரிக்கால மூட்டுவலி பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். பயனுள்ள கட்டுரைதான், ஆயினும் பைப்ரோமயால்ஜியா என்னும் நோயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒன்பது வருடங்களாக அந்நோயுடன் வாழும் ஆசிரியை என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்நோயில் மூட்டு வீங்குவதில்லை. கழுத்து, தோள், நாரி, தொடை என உடம்பு முழுவதும் மாதக்கணக்கில் உளைந்துகொண்டிருக்கும். இரவு முழுவதும் படுத்திருந்தாலும் விடியற்காலையில் நித்திரையே கொள்ளாதது போன்ற அலுப்பு இருக்கும். வகுப்பில் நன்கு தெரிந்த பிள்ளையின் பெயர் வாயில் வராது. ஆனால் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் குறை எதையும் காட்டமாட்டா. என்னுடைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்த வைத்தியர் ஒருவர், "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, கனக்க யோசியாதேங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பின்னர் இரண்டு வருடங்கள் நான் எவரிடமும் என் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலமே, குறிப்பாக மூளையும் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணும், சிறு உணர்வையும் பெருப்பித்துக் காட்டுவதால் இந்நோய் வருகிறது என்று மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் வாத நோய் நிபுணர் ஒருவர் பொறுமையாக விளக்கிய நாளில், என் வலியை ஒருவர் நம்பினார் என்பதற்காகவே அழுதேன். 1990இல் வகுத்த முறைப்படி, பரவலான வலியோடு, உடம்பின் 18 புள்ளிகளை அழுத்தும்போது குறைந்தது 11இல் நோகிறதா என்று பார்த்தே இந்நோயை அடையாளம் கண்டார்கள்; 2010இலிருந்து வலி பரவிய இடங்களோடு அலுப்பு, நித்திரை, ஞாபகம் ஆகியவற்றையும் கேட்டறிகிறார்கள். ஆகவே அறிக்கை சரியாக இருப்பதை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது தவறு.

மழைக்கு இருட்டினால் உளைவு கூடும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆராய்ச்சிகள் இதில் ஒருமிக்கவில்லை. இந்நோயுள்ள 333 பெண்களிடம் நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, காலநிலையின் பாதிப்பைப் பெரிதாகக் காணவில்லை. நாட்பட்ட வலியுள்ள 2,658 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வோ, ஈரப்பதன் கூடிய, காற்றமுக்கம் குறைந்த, காற்றுப் பலமாக வீசும் நாட்களில் வலி சற்றுக் கூடுவதாகக் கண்டது. நானும் மூன்று மாரிகள் கொப்பியொன்றில் குறித்துவந்தேன். மழை பெய்யும் நாளைவிட, வானம் மூடிப் புழுங்கும் முந்திய நாளே எனக்குக் கடினமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு குறிப்பையும் திருப்பி வாசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: மழை தொடங்கினால் கோயில் வீதியில் நடப்பதை நிறுத்திவிடுவேன், ஒழுக்குக்குச் சட்டி வைத்து இரவு விழிப்பேன், வெள்ளம் வருமுன் அரிசி மூடையையும் விறகையும் இழுத்து வைப்பேன். 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி வந்தபோது இம்மூன்றும் ஒன்றுசேர, ஐந்து நாட்கள் பாயைவிட்டு எழும்ப முடியவில்லை. வானத்தை நான் மாற்ற முடியாது. இம்மூன்றையும் ஓரளவு மாற்றலாம்.

இப்போது மழை நாட்களில் விறாந்தையிலேயே இருபது நிமிடம் மெதுவாக நடக்கிறேன். நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட ஓடுவதில்லை. கிணற்றிலிருந்து அரை வாளிதான் அள்ளுகிறேன். வெந்நீர் ஒத்தடமும் நொச்சி இலை போட்டு அவித்த நீரில் குளிப்பதும் ஆறுதல் தருகின்றன. வைத்தியர் எழுதித் தந்த மருந்தைச் சிறிய அளவில் இரவில் எடுக்கிறேன். ஐரோப்பிய வாதநோய் அமைப்பு (EULAR) 2016இல் திருத்திய பரிந்துரைகளிலும் உறுதியாக வலியுறுத்தப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. வைத்தியரின் துண்டு இல்லாமல் மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பெண்கள் நம்மிடையே பலர். வீக்கமும் அழற்சியும் இல்லாத இந்நோய்க்கு, அழற்சியைத் தணிக்கும் வலிமாத்திரைகள் பெரும்பாலும் உதவுவதில்லை, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவும் கூடும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

"நேற்று நல்லாத்தானே இருந்தனீங்கள்?" என்று ஆசிரியர் அறையில் கேட்கப்படும்போது பதில் சொல்ல எனக்கு இன்றும் கடினமாகவே இருக்கிறது. நேற்று நன்றாக இருந்ததும் உண்மை, இன்று கரும்பலகைக்குக் கை உயர்த்த முடியாததும் உண்மை. மழை நாளில் இருந்துகொண்டு கற்பிக்க ஒரு கதிரையும், மாடி வகுப்புக்குப் பதிலாகக் கீழ் வகுப்பும் கிடைத்தால் நான் விடுப்பு எடுக்க வேண்டியிராது.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னர், வாத நோய் நிபுணர் ஒருவரையும் உடற்பயிற்சியால் சிகிச்சை தரும் இயன்மருத்துவர் ஒருவரையும் கொண்டு இந்நோய் பற்றி எளிய தமிழில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதை வெட்டியெடுத்து என் மாமியாருக்கும் எங்கள் ஆசிரியர் அறைக்கும் கொடுப்பேன்.

இங்ஙனம்,
ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.