சீனி இல்லாத வீடு

சுங்கை சிப்புட்

அன்புள்ள சுருட்டை,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. நேரில் வரும்போது திட்டிக்கொள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மருமகளுக்குப் பெண் குழந்தை. கோயில் நிர்வாகச் சண்டை ஓயவில்லை. போதுமா?

நம் தோட்டத்தில் கங்காணியாக இருந்த மண்டோர் அண்ணனைக் கொல்லப் பார்த்தேனடி.

சிரிக்காதே. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தும், நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றும், அவருக்கு நான் இன்னும் மிஸ்ஸிதான். போன மாதம் வந்தவர், "ராத்திரி இன்சுலின் ஊசி 24 யூனிட்டில் தொடங்கி 36 ஆகிவிட்டது, இனிப்பு நீர் (சர்க்கரை) இறங்கவே மாட்டேன் என்கிறது" என்றார். சட்டையைத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு வலப்பக்கம் பாதி எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்கி எழுகிறது. இரண்டு வருடமாக அதே இடத்தில் குத்தியிருக்கிறார். "அங்கேதான் வலிக்கவில்லை, மிஸ்ஸி." வலிக்காதுதான். கொழுப்பு தடித்துவிட்டால் உணர்ச்சி மங்கிவிடும். மருந்தும் ஒழுங்காக ஏறாது.

பேனா ஊசி வாங்கி வந்த அன்று "இங்கே போடுங்கள்" என்று விரல் வைத்துக் காட்டியது யார்? நான்தான். இங்கே என்றால் இங்கே மட்டும் என்று எடுத்துக்கொண்டார். காலைப் பெரட்டில், அந்த ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்கும் இடத்தைக்கூட முப்பது வருடம் மாற்றாத மனிதர்!

உடனே பெருமையாகப் பாடம் நடத்தினேன்: இடப்பக்கம், தொடை, ஒவ்வொரு நாளும் ஒரு விரல் தள்ளி. சொல்ல மறந்தது ஒன்றுதான். அந்த 36 யூனிட், மருந்தில் பாதி கட்டிக்குள் வீணாகப் போனதால் ஏறிய கணக்கு. நல்ல சதையில் போட்டால் முழுதும் வேலை செய்யும். டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்த பிறகுதான் இடம் மாற்ற வேண்டும்.

அன்று இரவு பத்து மணிக்குத் தொடையில் 36. விடியற்காலை மூன்று மணிக்குப் பாய் நனைய வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். அவர் மனைவி அக்கா முதலில் சம்சு சாராயம் என்று நினைத்து ஏசியிருக்கிறார். (பழைய வழக்கு உனக்குத் தெரியுமே.) பிறகு விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.8 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனால் இனிப்பு கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டில் சீனி இல்லை! தே ஓ கோசோங், அதாவது சீனி போடாத வெறும் தேநீர், குடிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்து அதை அந்த அடுப்பங்கரையிலிருந்தே ஒழித்ததும் நான்தான். அக்கா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, மூன்று தேக்கரண்டி சீனி வாங்கிக் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் 4.6. பிறகு நாலு பிஸ்கட்.

அவரால் விழுங்க முடிந்தது, பிழைத்தார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை நான் அந்த வீட்டில் சொன்னதே இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2023 தேசிய ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இனிப்பு நீராம். நம் பழைய தோட்டத்து லய வீடுகளில் வந்து எண்ணச் சொல்! அத்தனை பேரிடமும் "புரிந்ததா?" என்று கேட்டே நான் காலத்தை ஓட்டியிருக்கிறேன். நர்ஸ் பயிற்சியில் தொப்பி சிஸ்டர் "செய்து காட்டச் சொல், செய்து காட்டச் சொல்" என்று கத்தும்போது பின்வரிசையில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா?

டாக்டர் அளவை 26 ஆக்கிவிட்டார். இப்போது வியாழன் தோறும் அண்ணன் என் திண்ணையில் உட்கார்ந்து செய்து காட்டுகிறார். ஊசியை எடுக்குமுன் பத்து வரை சத்தமாக எண்ணுகிறார். அக்கா ஒரு சின்ன டப்பாவில் சீனி போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டிருக்கிறார். அண்ணனுக்கு அந்த டப்பா மேல்தான் கண்.

உன் வீட்டுக்காரரும் ஊசி போடுகிறாரே. இன்றைக்கே சட்டையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார். கட்டி இருந்தால் என்னைப் போல் துள்ளாதே, முதலில் டாக்டரிடம் போ. பார்த்துவிட்டு எழுது.

உன்,
குட்டச்சி