குதிரை ராஜாவுக்கு ரோஜாவா?

திருவொற்றியூர்

அன்புள்ள வடிவு,

இங்கு எல்லோரும் நலம். போனில் கேட்டால், "அப்புறம் பேசுகிறேன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படம் வந்தது. பாங்காக்கில் குதிரைமேல் ராஜா, கீழே மண்டியிட்டு நீ, கையில் ரோஜா. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் விளக்கேற்றப் போய்விட்டாள். இளைத்திருக்கிறாய். வேளைக்குச் சாப்பிடு.

சரித்திர வாத்தியாரான எனக்கு அந்தச் சிலையைத் தெரியாதா? தாய்லாந்து மன்னர் ஐந்தாம் ராமா என்கிற சுலலாங்கோர்ன் 1907-இல் ஐரோப்பா போனபோது, பாரிசில் தானே உட்கார்ந்து மாதிரி கொடுத்து வார்க்கச் சொன்ன வெண்கலம். பட்டத்துக்கு வந்து 40 ஆண்டு நிறைந்ததற்காக 1908-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே திறந்தார்கள். செலவு ஜனங்கள் கொடுத்தது. மிஞ்சிய பணம், அவர் காலமான பிறகு, அவர் பெயரில் பல்கலைக்கழகம் எழ உதவியது. வசூலில் மிச்சம் காட்டினார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் அங்கே யார் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர் பிறந்த கிழமை என்று செவ்வாய் இரவில் ரோஜாவும் மதுவும் படைத்து, வியாபாரம் செழிக்க வேண்டும், வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள். நீ என்ன வேண்டினாய் என்று நான் கேட்க மாட்டேன். வெளியே சொன்னால் பலிக்காது என்பாள் அம்மா. செவ்வாய் அம்மனுக்கும் உகந்த நாள்தானே? சீலோம் சாலையில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கும்போது ராஜாவிடம் எதற்கு? அம்மனிடம் தமிழிலேயே முறையிடலாம்.

தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போன அன்று, மன்றோ சிலையைப் பார்த்து, "சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை, விழமாட்டாரா?" என்று என்னை விடாமல் குடைந்தவள் நீ. அவர் ராஜா இல்லை, கவர்னர்தான் என்று சொன்னதற்கு உன் முகம் போன போக்கு! அப்போதெல்லாம் எதையும் கேட்டுவிடுவாய், சொல்லிவிடுவாய்.

கோயிலில் குருக்கள் உன்னை விசாரித்தார். பாங்காக்கில் பெரிய கம்பெனியில் மேனேஜர் என்றேன். நம் தெருவிலிருந்து அப்படி யார் போனார்கள்? நான் சொன்னது இன்னும் சரிதானே?

இரவில் தனியாக அந்த மைதானத்துக்குப் போகாதே. படம் எடுத்தவர் யார் என்று அம்மா கேட்கிறாள். அந்த ஊரில் ராஜ குடும்பத்தைப் பற்றி விளையாட்டுக்குக்கூட ஏதும் பேசிவிடாதே, சட்டம் கடுமை. எந்தக் காகிதத்திலும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. வேளைக்குச் சாப்பிடு.

சீட்டுப் பணம் வந்தது, வங்கியில் போடாமல் வைத்திருக்கிறேன். விமான டிக்கெட் விலையை நேற்று சும்மா விசாரித்தேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. வாடகைக்குக் கேட்டு வந்தவரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குப் போன் செய்.

அப்பா