பிள்ளைகளின் கூகுள் டிரைவ்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் செயல்திட்டங்களையும் சான்றிதழ் நகல்களையும் இந்தப் பருவத்திலிருந்து கூகுள் டிரைவ் வழியாகப் பெறுகிறோம். அதில் கோப்பு ஏற்றுவதற்குப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எங்கே காலை வாரும் என்பதுதான் வீட்டில் பலருக்கும் தெரிவதில்லை.

டிரைவில் ஏற்றிய கோப்பு, வேறெங்கோ குளிரூட்டிய கட்டடத்தில் இரவு பகலாக ஓடும் கணினிகளில் போய்த் தங்குகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளில் அது வைக்கப்படுவதால் ஒரு வட்டு பழுதானாலும் கோப்பு பிழைத்துக்கொள்ளும். போன் கண்மாயில் விழுந்துவிட்டதா? இன்னொரு போனில் அதே கணக்கைத் திறந்தால் எல்லாம் இருக்கும். பென்டிரைவை நம்பி இப்படி நிம்மதியாக இருக்க முடியாது.

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், போட்டோஸ், ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப் (காப்புப் பிரதி) எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களும் இந்த 15 ஜிபியில் சேர்கின்றன. படத்துக்கு 3, 4 எம்பி என்று வைத்தால் சுமார் நான்காயிரம் படங்களுக்குத்தான் இடம். வீடியோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் நிறையும். நிறைந்துவிட்டால் ஜிமெயிலுக்கு மின்னஞ்சலும் வராது. கலந்தாய்வு நேரத்தில் இப்படி ஆனால் தவிப்புதான். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் வீடியோக்களைச் சேர்க்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். பாதி வீடுகளில் இது ஒன்றே போதும்.

அடுத்தது, அழிப்பது. போட்டோஸ் செயலியில் பேக்கப் ஓடும்போது, போனில் இடமில்லை என்று ஒரு படத்தை அங்கே அழித்தால் கிளவுடிலிருந்தும், அதாவது கூகுளின் கணினிகளிலிருந்தும், போய்விடும். போனில் மட்டும் நீக்க வேண்டுமென்றால் அதே செயலியில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத்தான் அழுத்த வேண்டும். தவறிப்போய் அழித்தால், பேக்கப் ஆன படம் 60 நாளும் டிரைவ் கோப்பு 30 நாளும் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்டுவிடுங்கள். ஆகவே டிரைவில் இருப்பதை மட்டும் பிரதி என்று எண்ண வேண்டாம். முக்கியமானவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார். பிள்ளையின் கணக்கில் கொடுத்திருப்பது அவருடைய பழைய இந்திய எண்ணாக இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல், 90 நாள் பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனம் நிறுத்திவிடலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். புதுப் போனில் கணக்கைத் திறக்கும்போது ஓடிபி அந்த முகந்தெரியாதவருக்குப் போகும். வீட்டில் ஐயாவும் அப்பத்தாவும் என்ன செய்வார்கள்? கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், இரண்டு படிச் சரிபார்ப்புக்குள் 'பேக்கப் கோட்ஸ்' என்று எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பெட்டகத்தில் வையுங்கள். போனிலேயே படம் எடுத்து வைத்தால் போனோடு சேர்ந்து அதுவும் தொலையும். இரண்டு ஆண்டு திறக்காத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பதால், பிள்ளை புதுக் கணக்குக்கு மாறினால் பழையதிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளட்டும்.

லிங்க் அனுப்பும்போது 'லிங்க் உள்ள எவரும்' என்று வைக்காதீர்கள். அந்த லிங்க் குழுவுக்குக் குழு தாவும். ஆதார் நகலும் கூடவே போகும். பள்ளியின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். மதிப்பெண் சான்றிதழுக்கு அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரே நல்லது: அங்கே 'இஷ்யூட்' பகுதியில் வருவது சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்களே படம் எடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு இல்லை.

கோப்பு ஏறவில்லை என்று கடைசி நாளில் வரும் புகார்களுக்குச் சுவரும் ஒரு காரணம். ரவுட்டர் முகப்பில், பிள்ளை உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் என்றால் நம் வீட்டுத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை போய்ச் சேராது. ஏற்றும்போது மட்டும் முகப்புக்கு வரச் சொல்லுங்கள். நொடிக்கு 10 மெகாபிட் வேகம் சீராகக் கிடைத்தாலே ஒரு ஜிபி ஏறச் சுமார் 14 நிமிடம் ஆகும்.

வரும் சனிக்கிழமை காலை 10 முதல் 12 மணி வரை கணினி ஆய்வகம் பெற்றோருக்காகத் திறந்திருக்கும். பிள்ளையின் கணக்கில் எந்த எண் இருக்கிறதோ, அந்தப் போனையே கொண்டு வாருங்கள். எண் வெளிநாட்டில் இருப்பவருடையது என்றால், அந்த நேரத்தில் அவரை அழைப்பில் இருக்கச் சொல்லுங்கள், அங்கேயே மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்