'சார்ஜ்' என்றால் தண்டனை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் சிங்கப்பூரில் நீதிமன்றச் செய்தியில் 'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல் வந்தாலே ஆளுக்குத் தண்டனை உறுதியாகிவிட்டதாகப் பலர் பேசுகிறார்கள். குற்றம் சாட்டப்படுவது, குற்றம் நிரூபணமாவது, தண்டனை விதிக்கப்படுவது மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். 'சார்ஜ்' முதற்கட்டம் மட்டுமே. ஒருவர்மீது பத்துக் குற்றச்சாட்டுகள் இருக்க, மூன்றை ஒப்புக்கொண்டதும் மீதி ஏழும் 'தண்டனையின்போது கருத்தில் கொள்ளப்படும்' என்று செய்தி வரும். அந்த ஏழிலும் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானதாக அதற்கு அர்த்தமில்லை.

லத்தீனில் 'காரஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சார்ஜ்' ஆனது. 'கார்', 'கார்கோ' இரண்டும் அதன் உறவுக்காரர்கள். பாரம் ஏற்றுவது என்று பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். கைபேசியில் மின்சாரத்தை ஏற்றுகிறோம், பில்லில் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். நம் 'சுமத்து' போகும் வழியும் அதுதான்: வரி, பழி, பொறுப்பு எல்லாவற்றையும் சுமத்தலாம்.

மீதிக் குழப்பம், கூட வரும் சின்னச் சொல்லில். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டால் 'சார்ஜ்ட் வித் தெஃப்ட்'. இங்கே அடிக்கடி காதில் விழும் 'சார்ஜ்ட் ஃபார் தெஃப்ட்', திருட்டுக்குக் கட்டணம் வாங்கியதுபோல் ஒலிக்கும்! சட்டப் பிரிவைச் சொன்னால் 'அண்டர்': தண்டனைச் சட்டத்தொகுப்பின் 379ஆம் பிரிவின்கீழ். பாசிர் ரிஸ் பக்கம் காட்டுப்பன்றி பாய்ந்து வந்தால் 'சார்ஜ்ட் அட்'. தாதி 'இன் சார்ஜ் ஆஃப்' குழந்தை என்றால் தாதி பொறுப்பாளர். குழந்தை 'இன் த சார்ஜ் ஆஃப்' தாதி என்றால் குழந்தை அவர் பராமரிப்பில். நடுவில் ஒரு 'த' நுழைந்ததும் ஆள் மாறிவிடுகிறார்.

உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் 'பிளஸ் பிளஸ்' இருந்தால் முதல் பிளஸ் சேவைக் கட்டணம், இரண்டாவது ஜிஎஸ்டி. 20 வெள்ளி உணவுக்கு 10 விழுக்காடு சேர்ந்து 22 வெள்ளி. அந்த 22க்கு 9 விழுக்காடு சேர்ந்து 23.98. ஆக, சேவைக் கட்டணத்துக்கும் வரி உண்டு. 20க்கு 19 விழுக்காடு என்று போட்டால் 23.80தான் வரும், பில்லோடு ஒத்துப்போகாது.

'டிஸ்சார்ஜ்' ஏற்றிய பாரத்தை இறக்குவது. மருத்துவமனையில் சிக்கலில்லை. நீதிமன்றத்தில்தான் கவனம் வேண்டும். விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு என்று ஒன்று உண்டு. அரசுத் தரப்பு அதே குற்றச்சாட்டைப் பின்னர் மீண்டும் கொண்டுவரலாம். முழு விடுதலையில் அதற்கு இடமில்லை. முன்னதை வெறும் 'விடுதலை' என்று தமிழில் எழுதினால் செய்தியே பிழையாகிவிடும். 'விடுவிப்பு' என்று எழுதி, மறுபடி குற்றம் சாட்டப்படக்கூடும் என ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்