பொது நூலக அங்கத்தவர்களுக்குத் தேசியப் பூங்காக்களில் இலவச அனுமதி கோரும் மனு

பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்,
பத்தரமுல்லை.

மூலம்: மாவட்டச் செயலாளர் அவர்கள், கிளிநொச்சி.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

கிளிநொச்சி மாவட்டத்துப் பிரதேச சபை நூலகங்களின் வாசகர்களாகிய நாங்கள் பணிவுடன் எழுதிக்கொள்வது.

1938இல் பிரகடனப்படுத்தப்பட்ட வில்பத்து தேசியப் பூங்கா மன்னார்ப் பக்கம் வரை நீள்கிறது. போர்க்காலத்தில் மூடிக்கிடந்து 2010இல் மீண்டும் திறந்தும், எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதைக் கண்டதில்லை. சிறுவர் பகுதியில் கரடிப் படத்தின் நீண்ட நகங்கள்மேல் விரலை வைத்து, "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நுழைவுச்சீட்டையும் ஜீப் வாடகையையும் கூட்டிப் பார்க்கும் கூலித் தொழிலாளி பிள்ளைக்கு என்ன சொல்வார்?

யானை என்றால் இங்கே இரவில் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகும் யானைதான். காவல் கொட்டிலில் விழித்திருக்கும் தகப்பன் சொல்லித்தான் பிள்ளைகள் அதை அறிவார்கள். குட்டியை நடுவில் விட்டுக் கூட்டமாக நீரருந்த வரும் யானைகளை அவர்கள் ஒருமுறையாவது அச்சமின்றிப் பார்க்க வேண்டும். நாளை வனசீவராசிகளைக் காக்கச் சொல்லித் தங்கள் உத்தியோகத்தர்கள் கேட்கப்போவதும் இதே பிள்ளைகளிடம்தான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2022 முதல் நூலக அட்டையைக் காட்டி, வாகனத்துக்கான பகல்நேர அனுமதிச் சீட்டைப் புத்தகம்போல இரவல் பெறலாம். இருநூறுக்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்களில் அது செல்லும்.

இங்கும் அதைச் செய்யலாம். நூலகம் ஒன்றுக்கு இரண்டு குடும்ப அனுமதிச் சீட்டுகளைத் திணைக்களம் வழங்கினால் போதும். அங்கத்துவப் படிவத்தில் பிணையாளர் ஏற்கெனவே ஒப்பமிட்டிருக்கிறார். திகதி முத்திரை நூலகரிடம் இருக்கிறது. பிந்தினால் தண்டப்பணமும் உண்டு. புதிதாக ஓர் உத்தியோகத்தர்கூடத் தேவையில்லை.

ஜீப் வாடகை தனியாருக்குரியது என்பதை அறிவோம். அதை ஊர்ச் சங்கங்களோடு பேசி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நுழைவுக் கட்டணத்தை மட்டும் நீக்கித் தாருங்கள். 2015இல் தேசியப் பூங்காக்களாகிய சுண்டிக்குளமும் மடு வீதியும் இதில் அடங்க வேண்டும். வலசைப் பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் சுண்டிக்குளம் களப்பைக் காட்ட, விளக்கம் சொல்லக்கூடிய தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரையும் வேண்டுகிறோம்.

வருகிற பாடசாலை விடுமுறைக்கு முன் ஒரு நூலகத்திலாவது இதைத் தொடங்கிவைத்து, தங்கள் முடிவை மாவட்டச் செயலகம் ஊடாக எங்களுக்கு எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பிரதேச சபை நூலக வாசகர்கள்,
கிளிநொச்சி மாவட்டம்.
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: உள்ளூராட்சி உதவி ஆணையாளர், கிளிநொச்சி.