வாஷ் ஓடைக் கரையில கல்லு வச்சுக்கிட்டு நின்ன பெரியவருக்கும் மத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இன்னும் படபடப்பு முழுசா அடங்கல, ஆனா இப்ப எழுதலன்னா அப்புறம் வேலை, வீட்ட கழுவுறதுன்னு தள்ளிப் போயிடும், அதான் உக்காந்துட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திடீர் வெள்ளத்துல என்னாச்சுன்னு அரிசோனா டூசான்ல இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேணாம், பாதி பேரு நேர்லயே பாத்தீங்க. அம்மா நல்லா இருக்காங்க, பாப்பா நல்லா இருக்கா, வீட்டுக்குள்ள வந்த சேறு பாதி வெளிய போயிடுச்சு, அது போதும்.

முதல்ல ஒருத்தருக்கு நன்றி சொல்லணும், அவரு பேரு கூட கேக்கல. வெள்ளை பிக்கப், தலையில வைக்கோல் தொப்பி, எழுபது வயசுக்கு மேல இருக்கும். வாஷுக்கு இந்தப் பக்கம் நானும் இன்னும் சில காரும், அந்தப் பக்கம் வீட்டுல அம்மாவும் பாப்பாவும் தனியா, எங்க வீட்டுக்காரரு வேற ஊர்ல, போன் ஒரு நேரம் போகுது ஒரு நேரம் போகல. வருஷம் பூரா வெறும் மணலா கெடக்கிற ஓடைதான் அது, பாப்பாவ கூட்டிட்டு அதுலதான் வாக்கிங் போவேன். அன்னைக்கு அங்க தடுப்பு எதுவும் வைக்கல, அந்தப் பெரியவரு தன் வண்டிய ரோட்டுக்கு குறுக்க போட்டாரு பாருங்க, அதுதான் தடுப்பு. ஒவ்வொரு கார் கண்ணாடியா தட்டி மின்னல் தள்ளிப் போற வரைக்கும் யாரும் எறங்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயி அவரு வண்டியில உக்காந்துட்டாரு.

மின்னல் தள்ளிப் போனதும் டார்ச்ச எடுத்துட்டு மெதுவா எறங்கிப் போனாரு. ரோட்டுல தண்ணி வந்து தொட்டுக்கிட்டிருந்த எடத்துல ஒரு கல்ல வச்சிட்டு வந்தாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போனாரு, அந்தக் கல்லு இப்ப காஞ்ச எடத்துல இருக்கு, தண்ணி ஒரு சாண் பின்னாடி போயிருக்கு, அங்க இன்னொரு கல்லு. அப்புறம் ஒவ்வொரு காரா வந்து எவ்வளவு எறங்கியிருக்குன்னு சொன்னாரு, ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கிறவங்ககிட்ட நர்ஸ் வந்து சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி. நான் அந்தக் கல்லையே பாத்துக்கிட்டு இருந்தேன், அழுகை நின்னு போச்சு.

எங்க தலைக்கு மேல வானம் தெளிஞ்சு நட்சத்திரம் தெரிய ஆரம்பிச்சது, சரி முடிஞ்சுதுன்னு ரெண்டு மூணு பேரு வண்டிய ஸ்டார்ட் பண்ணாங்க. அவரு கைய ஆட்டி நிறுத்தி மலைய காட்டுனாரு, மவுண்ட் லெமன் பக்கம் இன்னும் விடாம மின்னிக்கிட்டு இருக்கு. இங்க பெய்யிறத பாக்காதீங்க, அங்க பெய்யிறத பாருங்கன்னாரு. 9,000 அடிக்கு மேல உசரம் அந்த மலை, கலிஃபோர்னியா வளைகுடா பக்கத்துல இருந்தெல்லாம் வர்ற ஈரக்காத்து அதுல மோதி மேல ஏறித்தான் மத்தியானத்துக்கு மேல இடிமேகமா நிக்குது. 2020-ல பிக்ஹார்ன் காட்டுத்தீயில அந்த மலைத்தொடர்ல 1,20,000 ஏக்கர் கிட்ட எரிஞ்சுது, அந்த மாதிரி எரிஞ்ச சரிவுல மண்ணு தண்ணிய உள்ள விடாது, பெய்யிறது அப்படியே உருண்டு கீழ வரும்னு அவரு பேசிட்டு இருக்கும்போதே சத்தம் கேட்டுச்சு. நொரையும் கெளையும் கள்ளி மட்டையுமா ரெண்டாவது தண்ணி வந்து அவரு வச்ச கல்லு எல்லாத்தையும் முழுங்கிடுச்சு. ஓடுற தண்ணி ஒரு அடி இருந்தாலே சின்ன காரு போயிடும், 2 அடின்னா பெரும்பாலான வண்டிங்க மெதக்கும்னு வருஷா வருஷம் படிக்கிறோம், அன்னைக்கு எங்கள்ல யாராவது நடுவுல இருந்திருந்தா என்னாயிருக்கும்னு நெனைச்சா வயித்த பெசையுது. அவரு அலட்டிக்கவே இல்ல, தண்ணி அடங்குனதும் மறுபடி முதல் கல்லுல இருந்து ஆரம்பிச்சாரு.

எச்சரிக்கை மெசேஜ் போன்ல அலறிச்சு, நல்லதுதான், குறை சொல்லல. ஆனா அதுக்கப்புறம் இருட்டுல ஒண்ணும் பண்ண முடியாம உக்காந்திருக்கிற நேரம் இருக்கே, அதுக்கு எந்த மெசேஜும் கெடையாது. ஒரு மனுஷன் வேணும். கடைசியில மணல் தெரிஞ்சு, அவரு கம்பால குத்திப் பாத்து ரோடு அரிச்சுப் போகலன்னு உறுதி பண்ணிட்டுத்தான் எங்கள விட்டாரு. கண்ணாடிய எறக்குனா நனைஞ்ச கிரியோசோட் செடி வாசனை, தவளைங்க வேற, மாசக்கணக்கா மண்ணுக்கடியில கெடந்துட்டு இந்த மழைக்குன்னே வெளிய வந்து கத்துதுங்க. நான் தேங்க்யூன்னு சொன்னதுக்கு, போ போ உங்கம்மா காத்திருப்பாங்கன்னு வெரட்டிட்டாரு.

அம்மாவையும் பாப்பாவையும் இன்சுலினோட தூக்கிட்டுப் போயி மாடியில படுக்க வச்ச பக்கத்து வீட்டம்மா, இங்கிலீஷ் வராத எங்கம்மாவுக்கு போன்லயே மொழிபெயர்த்துக்கிட்டு இருந்த தம்பி, மணல் மூட்டை தூக்குனவங்க, ஃபயர் சர்வீஸ் ஆளுங்க, மறுநாள் ரோட்டுல மண்ணு அள்ளுனவங்க, சாம்பாரும் சாதமும் கட்டிக் கொண்டாந்து பாத்திரத்த கூட திருப்பிக் கேக்காத நம்ம ஆளுங்க, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. யாரையாவது விட்டிருந்தா கோவிச்சுக்காதீங்க, தூக்கம் பத்தல.

மழை சீசன் செப்டம்பர் 30 வரைக்கும் இருக்கு. டிக்கில பெரிய டார்ச், தண்ணி கேன், பாப்பாவுக்கு ஒரு செட் டிரெஸ் எல்லாம் ஏத்தியாச்சு. அடுத்த தடவ வாஷ் ஓடும்போது ரோட்டுக்கு குறுக்க ஒரு வண்டி நிக்கும், அது என்னோடதா இருக்கும், ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டேன்.

அந்த வெள்ளை பிக்கப் பெரியவர யாருக்காவது தெரிஞ்சா தயவுசெஞ்சு எனக்கு சொல்லுங்க. அம்மா அவருக்குன்னு முறுக்கு சுட்டு டப்பாவுல போட்டு வச்சிருக்காங்க, இந்த வீட்டுல அது ரொம்ப நாளைக்குத் தாங்காது.