முதுகுக்குச் சூடு வைக்கும் மகனுக்கு

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள செந்தில்,

உன் முதுகில் வலை பின்னியதுபோலப் பழுப்புக் கோடுகள் விழுந்திருப்பதாக மருமகள் சொன்னாள். ஹீட்டிங் பேடை உச்சச் சூட்டில் வைத்து அதன்மேலேயே இரவெல்லாம் தூங்குகிறாயாம். இன்றே நிறுத்து கண்ணு. நாள்தோறும் சூடு பட்டுப் பட்டுத் தோல் கன்றியிருக்கிறது. இப்போதே விட்டால் மெல்ல மங்கக்கூடும். தொடர்ந்தால் கறை நிலைத்துவிடும்.

வலி உள்ளே ஆழத்தில் இருக்கிறது, அதனால் சூட்டைக் கூட்டினால்தான் அங்கே எட்டும் என்று நீ நினைக்கிறாய். குச்சிக்கிழங்கைப் பெருந்தீயில் சுட்டால் தோல் கரியும், உள்ளே பச்சையாகவே இருக்கும். வெளியிலிருந்து கொடுக்கும் சூடு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் தேய்ந்துவிடும் என்று உன் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த இயன்முறை மருத்துவர் விளக்கினார். அடியில் இருக்கும் கொழுப்பு சூட்டை எளிதில் உள்ளே விடாது. ஆனாலும் ஒத்தடம் பலன் தருகிறதே, எப்படி? இதமான வெதுவெதுப்பில் வலி மங்குகிறது. வலிக்குப் பயந்து இறுகிக் கிடந்த தசை பிடியைத் தளர்த்துகிறது. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது. இதற்கு இதம் போதும், சுடவே வேண்டியதில்லை.

வெண்பட்டு வேட்டி நெய்த காலமெல்லாம் அப்பா குழித்தறியில் குனிந்தே உட்கார்ந்து மிதித்தவர். மாலையில் எழுந்தால் இடுப்பு நிமிராது. கல் உப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் என் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு ஒற்றுவேன். ஒரே இடத்தில் அழுத்தி வைக்க மாட்டேன். உனக்கு அங்கே வறுக்க நேரமில்லை என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். ஈரச் சூடு தோலில் நன்றாகவே படும். பதினைந்து, இருபது நிமிடம். அதற்குமேல் வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.

ஒத்தடம் எடுத்ததும் அப்படியே படுத்துவிடாதே. தசை இளகியிருக்கும் அந்த நேரத்தில்தான் மெதுவாகக் குனிந்து நிமிர வேண்டும், முழங்காலை மார்புக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்பாவின் இடுப்பு திரும்பியதற்குப் பாதிக் காரணம் அந்த அசைவுதான் என்பது என் நம்பிக்கை. மருத்துவமனையில் அவருக்கு ஷார்ட்வேவ் டயாதெர்மியும் கொடுத்தார்கள். அந்தக் கருவியிலிருந்து வரும் மின்காந்த அலை தசைக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்குகிறது, அதனால் ஆழம்வரை எட்டுகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும், அந்த இடத்தில் உலோகத் தகடு வைத்தவர்களுக்கும் அது ஆகாது. ஆள் தெரிந்துதான் கொடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வலித் தைலம் தடவிய இடத்தில் சூடு வைக்காதே, தோல் வெந்துவிடும். கால் சுளுக்கி வீங்கினால் முதல் இரண்டு நாள் பனிக்கட்டிதான், துணியில் சுற்றி. உன் மாமனாருக்குச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருக்கிறது என்றாயே, அவர் காலுக்கு யாரும் ஒத்தடம் கொடுக்க வேண்டாம். சுடுவது அவருக்குத் தெரியாது.

உனக்குக் காலில் மரமரப்போ பலக்குறைவோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போ. சிறுநீர் கட்டுக்குள் நிற்கவில்லை என்றால் அந்த இரவே கிளம்பு. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரம் முதுகைக் காட்டிவிட்டு வா. நாற்காலியையும் மாற்று, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நட. மருத்துவர் என்ன சொன்னார் என்று மருமகளிடம் விடாமல் எனக்கு நீயே போன் செய்து சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா